ரோசுவாஸ்டாடின் 20 எலும்பைக் கரைக்குமா? அம்மாவின் மருந்துச் சீட்டு உள்ளே

கரிசல்மகள்:

வணக்கம். அம்மாவுக்கு வயது 67, எடை 58 கிலோ. 2022ல் ஸ்டென்ட் வைத்தது. எக்கோவில் பம்பிங் 60 சதவீதம். போன மாதம் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அதற்கப்புறம் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் (எலும்பு அடர்த்திச் சோதனை) தொடை எலும்புக் கழுத்து டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.7, முதுகெலும்பு மைனஸ் 1.6.

இப்போது சாப்பிடுபவை:

காலை வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40, கூடவே கால்சியம் கார்பனேட் மாத்திரை (500 மி.கி. கால்சியம்)
காலை டிபனுக்குப் பின் பிபிக்கு டெல்மிசார்டன் 40, மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 25
மதியம் ஆஸ்பிரின் 75
மாலை 6 மணிக்கு ஃப்ரூஸமைடு 40, எட்டு மாதமாக, கால் வீக்கத்துக்கு
இரவு பிபிக்கு அம்லோடிபின் 10, கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாடின் 20
ஞாயிறுதோறும் வைட்டமின் டி3 60,000 யூனிட், ஒரு வருஷத்துக்கு மேல்

ரத்தத்தில் கிரியேட்டினின் 0.9, கால்சியம் 10.1, வைட்டமின் டி 78, சோடியம் 136.

கொலஸ்ட்ரால் மாத்திரைதான் எலும்பை அரிக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ சுற்றுகிறது. சொந்தக்காரர்கள் அதை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? இந்தச் சீட்டில் எலும்பைக் கெடுப்பது எது?

மருந்துப்பெட்டி:

ரோசுவாஸ்டாடினை நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு அது வெறும் கொலஸ்ட்ரால் மாத்திரை அல்ல, அடுத்த அடைப்பு வராமல் காப்பது.

எலும்பு விஷயத்தில் ஸ்டேடின்களின் (ரோசுவாஸ்டாடின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) கதை வீடியோவில் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் தொடங்கியது. 1999ல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு கூடியது. காரணமும் புரிந்தது: உடல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையின் தொடக்கத்தில் ஸ்டேடின் அடைக்கிறது. அதே பாதையில் சற்றுக் கீழே அடைப்பதுதான் எலும்புத் தேய்வுக்குத் தரும் அலெண்ட்ரோனேட். ஆனால் வாயால் விழுங்கும் ஸ்டேடின் பெரும்பாலும் கல்லீரலிலேயே பிடிபட்டுவிடுகிறது, எலும்புக்குப் போய்ச் சேர்வது சொற்பம். ஜூபிடர் என்ற பெரிய ஆய்வில் 17,802 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ரோசுவாஸ்டாடின் 20, மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு முறிந்தவர்கள் மருந்துப் பக்கம் 221, வெற்று மாத்திரைப் பக்கம் 210. அதாவது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உங்கள் அம்மா சாப்பிடும் அதே அளவு என்பதால் சொல்கிறேன். 2019ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு ஆய்வு, அதிக அளவு ஸ்டேடினோடு எலும்புத் தேய்வு கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னது. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். அது காப்பீட்டுப் பதிவுகளைப் புரட்டி எழுதியது. அதிக அளவு ஸ்டேடின் யாருக்கு எழுதுகிறார்கள்? வயதானவர், சர்க்கரை உள்ளவர், நடமாட்டம் குறைந்தவர். அவர்களுக்கு எலும்பு எப்படியும் மெலியும்.

இந்தச் சீட்டில் என் கண்ணில் படுவது ஃப்ரூஸமைடு. அந்த நீர் மாத்திரை சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் ஒரு வாசலை மூடுகிறது. அந்த இடத்தில் உப்பு உள்ளே வரும்போது உண்டாகும் மின்னழுத்தத்தில்தான் கால்சியமும் மக்னீசியமும் திரும்பி வரும். வாசல் மூடினால் இரண்டும் சிறுநீரோடு போகும். இதய பலவீனம் உள்ளவருக்கு வேறு வழியில்லை, நுரையீரலில் நீர் கோத்துவிடும், கொடுத்தே ஆகவேண்டும். அம்மாவுக்குப் பம்பிங் 60, அது நார்மல். அப்படியென்றால் கால் ஏன் வீங்கியது? அம்லோடிபின் 10. அது நுண் தமனிகளை விரிக்கும் அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. அழுத்தம் தாங்காமல் நீர் கணுக்காலில் கசிகிறது. உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது, ஆகவே நீர் மாத்திரைக்கு வற்றவும் வற்றாது. ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை எழுதுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "அம்லோடிபின் 10ஐ 5 ஆகக் குறைத்து, டெல்மிசார்டனை 80 ஆக்கினால் ஃப்ரூஸமைடை விட்டுவிடலாமா?" டெல்மிசார்டன் கூட்டினால் இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கவேண்டும். அதற்கும் பிபி அடங்காவிட்டால் குளோர்தாலிடோன் 6.25 அல்லது 12.5. அதுவும் நீர் மாத்திரைதான், ஆனால் வேலை செய்யும் இடம் வேறு, கால்சியத்தைப் பிடித்து வைக்கும். ஆல்ஹாட் ஆய்வில் 22,180 பேரை ஒப்பிட்டபோது, அம்லோடிபின், லிசினோபிரில் எடுத்தவர்களைவிடக் குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு 21 சதவீதம் குறைவு.

மெட்டோப்ரோலால், டெல்மிசார்டன், ஆஸ்பிரின் இவற்றால் எலும்புக்குப் பெரிய கெடுதல் இல்லை.

பான்டோபிரசோல் பற்றி: நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு முறிவு சற்றுக் கூடுதல் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010ல் எச்சரிக்கை சேர்த்தது. அதற்காகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. 65 தாண்டி ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவைத் தடுப்பது அதுதான். 20 மி.கி. போதுமா என்று கேட்கலாம். ஆனால் அதையும் கால்சியம் கார்பனேட்டையும் வெறும் வயிற்றில் சேர்த்துப் போடுவது காசைக் கரைக்கிற வேலை. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அமிலத்தைத்தான் நிறுத்திவிட்டோமே. மதியச் சாப்பாட்டின் நடுவில் கொடுங்கள், அல்லது கால்சியம் சிட்ரேட்டாக மாற்றச் சொல்லுங்கள். சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை.

ஃப்ரூஸமைடும் பான்டோபிரசோலும் இரண்டுமே மக்னீசியத்தைக் குறைப்பவை. அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எலும்புக்கணக்கு:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். குளோர்தாலிடோன் விஷயத்தில் மட்டும் ஒரு தடை. வாரம் 60,000 யூனிட் டி3 என்பது நாளுக்குச் சுமார் 8,500 யூனிட். குறைபாடு இருந்தால் எட்டு வாரம் கொடுத்து நிறுத்தி, பிறகு மாதம் ஒன்று என்று போவதுதான் வழக்கம். சீட்டில் "வாரம் ஒன்று" என்று எழுதியதை யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருஷக்கணக்கில் ஓடுகிறது. வைட்டமின் டி 78 என்று தாராளமாகவும், கால்சியம் 10.1 என்று மேல் விளிம்பை ஒட்டியும் இருக்கும்போது கால்சியத்தைப் பிடித்து வைக்கும் மருந்தை மேலே போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன் முகம் மலச்சிக்கல், தாகம், சோர்வு, பேச்சில் குழப்பம். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முதலில் டி3யை நிறுத்துங்கள், மூன்று மாதம் கழித்து அளவு பார்த்து மாதம் ஒன்றா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். சோடியமும் 136தான், கீழ் விளிம்பு. குளோர்தாலிடோன் தொடங்கினால் இரண்டு வாரத்தில் சோடியம் பார்த்தே ஆகவேண்டும். சோடியம் இறங்கினால் தலை கிறுகிறுத்து மறுபடி விழுவார், எலும்புக்காகக் கொடுத்த மருந்தே எலும்பை உடைக்கும்.

வைட்டமின் டி அதிகமானால் எலும்பு அதிகம் வலுப்படும் என்பது தவறு. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010ல் வந்த முடிவு: மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அதிகம் முறித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. எந்த மாத்திரை குற்றவாளி என்று தேடுவதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தவர், டி-ஸ்கோர் மைனஸ் 2.7. இது ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புத் தேய்வு நோய்), சிகிச்சை வேண்டும். சீட்டிலிருந்து எதை எடுத்தாலும் அந்த மைனஸ் 2.7 தானாக ஏறாது. கால்சியமும் டியும் மட்டும் அதற்கு மருந்தல்ல. எலும்பு மெலிய வேறு நோய் காரணமா என்று அறிய தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், இஎஸ்ஆர், புரத எலக்ட்ரோஃபொரீசிஸ் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு மருந்து தொடங்கவேண்டும். எதைத் தொடங்குவது என்று பிறகு எழுதுகிறேன்.

தேனீர்க்கடை:

மாரடைப்புக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட், எலும்பை வளர்க்கும் என்று முன்பு பேப்பரில் படித்தேனே?

எலும்புக்கணக்கு:

நீங்கள் படித்தது 2011ல் வந்த களிம்பு ஆய்வாக இருக்கும். தரவுகள் போலி என்று தெரிந்து அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றுவிட்டது. 2020ல் வேறொரு குழு ஒழுங்காகச் செய்து பார்த்தது, பலன் ஒன்றுமில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட், எலும்புக்கு இல்லை.

கரிசல்மகள்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் புதன்கிழமை போகிறோம். இன்னொன்று கேட்கவேண்டும். அந்தக் கால்சியம் மாத்திரை அட்டையைப் பார்த்தேன், கார்பனேட், டி3, கூடவே "வைட்டமின் கே2-7, 45 மைக்ரோகிராம்" என்று இருக்கிறது. அம்மாவுக்குப் பரவாயில்லையா? அப்பாவும் மூட்டுவலிக்காக அதே மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். அவருக்கு இதயத்தில் மைட்ரல் உலோக வால்வு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசெனோகூமரால் எடுக்கிறார். சமீபமாக ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) ஏறமாட்டேன் என்கிறது, 2லிருந்து 3 மி.கி. ஆக்கியிருக்கிறார்கள்.

வால்வுக்குறிப்பு:

இதை முதலில் படியுங்கள், அம்மா விஷயம் புதன்கிழமை வரை தாங்கும். அப்பாவுக்கு இன்றே ஐஎன்ஆர் பாருங்கள். பார்த்துவிட்டு மருந்து தரும் டாக்டரைக் கூப்பிட்டு, கே2-7 உள்ள மாத்திரை இரண்டு மாதமாக ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

அசெனோகூமரால் வேலை செய்வதே வைட்டமின் கேயைச் செயலிழக்க வைத்துத்தான். நீங்கள் ஒரு கையால் கொடுக்கும் மருந்தை இன்னொரு கையால் முறிக்கிறீர்கள். கே2-7 உடம்பில் நாள்கணக்கில் தங்கும். கீரையில் இருக்கும் கே1 போலச் சீக்கிரம் கழிந்துவிடாது. தினம் 10 மைக்ரோகிராம் கூடச் சிலருக்கு ஐஎன்ஆரைக் கீழே இழுப்பதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். இது 45. மைட்ரல் உலோக வால்வுக்கு ஐஎன்ஆர் 2.5லிருந்து 3.5க்குள் நிற்கவேண்டும். கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டும்.

இதில் பலரும் தவறுவது அடுத்த படியில். கே2 மாத்திரையை நிறுத்தியதும் ஐஎன்ஆர் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும். ஆனால் டோஸ் ஏற்கெனவே 3 ஆக்கப்பட்டிருக்கிறது, அது கே2வோடு மல்லுக்கட்டப் போட்ட டோஸ். அதே 3ல் விட்டால் பத்து நாளில் ஐஎன்ஆர் 5, 6 என்று எகிறி ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம். ஆகவே நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, நிலையாகும் வரை பார்க்கவேண்டும். டோஸை டாக்டர்தான் மாற்றவேண்டும், நீங்களாகப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

வால்வின் டிக் டிக் சத்தம் மங்கினாலோ, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் வந்தாலோ ஐஎன்ஆருக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு.

அப்பாவுக்கு எலும்புக் கவலையும் நியாயம்தான். எலும்பில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்துக்கும் வைட்டமின் கே தேவை, அசெனோகூமரால், வார்ஃபரின் இரண்டும் அதையும் சேர்த்தே முடக்கும். வெறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல்) எடுப்பவர் என்றால் அபிக்ஸாபான் போன்ற புது மருந்துக்கு மாற்றலாமா என்று யோசிக்கலாம், அவற்றில் முறிவு குறைவாகவே தெரிகிறது. உலோக வால்வுக்கு அந்த வழி அடைத்தது. அதே வகைப் புது மருந்தான டபிகாட்ரானை வைத்து 2013ல் முயன்ற ஆய்வை, ரத்தக்கட்டிகளும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் பழைய மருந்துதான் நல்லது என்று 2022ல் ரிவராக்ஸபானை வைத்துச் செய்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அப்பாவுக்கு வேண்டியது டெக்ஸா எடுத்துப் பார்ப்பதும், கே2 இல்லாத சாதாரணக் கால்சியமும். முருங்கைக்கீரையை நிறுத்தவேண்டாம், வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுகிறாரோ அதே கணக்கில் போகட்டும். ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஐஎன்ஆரை ஆட்டிப்படைக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு அசெனோகூமரால் இல்லாததால் கே2வால் ஆபத்தில்லை. ஆனால் ஒரே அட்டை வீட்டில் இருந்தால் இருவரும் சாப்பிடத்தான் செய்வார்கள். மாற்றிவிடுவது மேல்.

நிமிர்ந்தநடை:

எல்லோரும் எலும்பையே பேசுகிறீர்கள், விழாமல் இருந்தால் எலும்பு ஏன் முறியப்போகிறது. ஃப்ரூஸமைடு மாலை 6 மணிக்கு என்பதைப் படித்ததுமே ராத்திரி ஏன் எழுந்தார் என்று புரிந்துவிட்டது. அந்த மாத்திரையின் வேகம் ஆறு மணிநேரம். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை காலையில் கொடுக்கலாமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் இதைச் செய்யுங்கள். 5 நிமிஷம் படுக்கவைத்து அளக்கவும். எழுந்து நிற்கவைத்து 1 நிமிஷத்தில் ஒருமுறை, 3 நிமிஷத்தில் ஒருமுறை அளக்கவும். விழாமல் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு வாரம் இதைத் திரும்பச் செய்யவேண்டும். உட்கார்ந்து எடுக்கும் பிபியில் இது தெரியவே தெரியாது.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம்? 15 விநாடிக்கு மேல் போனால் தொடை பலம் போதாது. அதையே பயிற்சியாக்கலாம்: சுவரோரம் நாற்காலி போட்டு, 8 முறை எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி 8. வாரம் மூன்று நாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதும் செய்யட்டும், முறியாத கையால் பிடித்து. முன்னால் வளைந்து கால் கட்டைவிரலைத் தொடும் ஆசனங்கள் வேண்டாம், மெலிந்த முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கும்.

மருந்துக்கடை வாசலில் கேம்ப் போட்டு குதிகாலில் வைத்துப் பார்க்கும் இலவசச் சோதனையை நம்பி, எலும்பு ஏறியதா இறங்கியதா என்று முடிவு செய்யவேண்டாம். டெக்ஸாவை ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே மெஷினில் எடுங்கள். முதுகெலும்பு மைனஸ் 1.6 என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது, வயதானவர்களுக்கு முள்ளெலும்பில் வளரும் முட்கள் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். தொடை எண்தான் கணக்கு.

எலும்புக்கணக்கு:

சொன்னபடி மருந்து பற்றி. இதய நோயாளிக்கு எலும்பு மருந்து தேரும்போது சில கதவுகள் மூடும்.

ரோமோசோசுமாப்: மாரடைப்பு, பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகாதவருக்குக் கூடாது என்று 2019லேயே கட்டம்போட்ட எச்சரிக்கை. அம்மாவுக்கு ஸ்டென்ட் மூன்று வருஷம் ஆகியும், வேறு மருந்து இருக்கும்போது இதைத் தொடவேண்டியதில்லை. ரலாக்சிஃபென் கால் சிரையில் ரத்தம் கட்டவைக்கலாம். ஸ்ட்ரான்ஷியம் ரானலேட் இதயத் தமனி நோய் உள்ளவருக்குக் கூடாது, யாராவது பழைய பழக்கத்தில் எழுதினால் மறுக்கலாம்.

மிச்சம் இரண்டு எளியவை. அலெண்ட்ரோனேட் 70, வாரம் ஒன்று: வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு, காபி கூடாது, அரைமணி நேரம் படுக்கக்கூடாது, அதுவரை வேறு எந்த மாத்திரையும் கூடாது. ஆஸ்பிரினோடு சேரும்போது நெஞ்செரிச்சல் வந்தால் தாங்கமாட்டார்கள். அல்லது சோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி. வருஷம் ஒருமுறை ட்ரிப். இதற்குச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிஷத்துக்கு 35 மில்லிக்கு மேல் இருக்கவேண்டும். கிரியேட்டினின் 0.9, எடை 58, வயது 67 என்றால் கணக்கு 55 வருகிறது, போதும். 0.9 என்று பார்த்ததும் 'நார்மல்' என்று விடாமல் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், மெலிந்த பாட்டிமாருக்கு 0.9க்குப் பின்னால் 40ம் இருக்கலாம். 2007 ஆய்வில் இந்த ட்ரிப் போட்ட குழுவில் தீவிர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 1.3 சதவீதம், மறு குழுவில் 0.5. ஆகவே ஏற்கெனவே படபடப்பு இருந்தால் ஈசிஜி பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

டெனோசுமாப் ஆறு மாதத்துக்கொரு ஊசி, இதயத்துக்குத் தொந்தரவில்லை. ஆனால் தேதி தவறக்கூடாது. விட்டுவிட்டால் முதுகெலும்பு அடுத்தடுத்து நசுங்கும். ஊருக்குப் போனோம், மறந்துவிட்டோம் என்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

சாப்பாட்டில் கால்சியம்: ராகி மாவு 100 கிராமில் சுமார் 350 மி.கி., 200 மில்லி பாலில் சுமார் 240, ஒரு கிண்ணம் தயிரில் சுமார் 180. இதெல்லாம் தினமும் உள்ளே போனால் மாத்திரை ஒன்றே போதும், இரண்டு வேண்டாம். கருவாடு, நெத்திலி முள்ளோடு நல்ல கால்சியம், ஆனால் உப்பு பிபியைத் தூக்கும். பிரண்டைத் துவையல் ருசிக்குச் சாப்பிடலாம், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

கரிசல்மகள்:

அப்பாவுக்கு ஐஎன்ஆர் 1.6. டாக்டர் உடனே வரச் சொல்லிவிட்டார், கிளம்புகிறோம். ஒரே ஒரு கேள்வி: அம்மாவுக்கு அந்த ட்ரிப் போட்டால், போடுகிற நாளில் ஃப்ரூஸமைடு கொடுக்கலாமா?

மருந்துப்பெட்டி:

அதற்குள் ஃப்ரூஸமைடு நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நிற்காவிட்டால் அன்று காலை டோஸைத் தள்ளிவைக்கலாமா என்று ட்ரிப் எழுதுபவரிடம் கேளுங்கள். உடம்பு வற்றிய நிலையில் அந்த மருந்து ஏறினால் சிறுநீரகம் அடிபடும். போவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும், ட்ரிப் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏறட்டும். அன்று ராத்திரியிலிருந்து இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும், பாரசிட்டமால் போதும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கால்சியம் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.